இதய நோயின் முதல் குறிப்பு எந்த ஃபைலில் இருக்கிறது?

மாரடைப்பு சிகிச்சை பற்றித் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு உலக அளவில் பேசப்படுகிறது. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியுதவியோடு நடத்திய ஆய்வு அது. சிறிய ஊர்களில் உள்ள மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். ஈசிஜியை உடனுக்குடன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோயாளி முதலில் வந்து சேரும் இடத்திலேயே போட்டு, அதன் பிறகு 108 ஆம்புலன்ஸில் மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017ல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் முடிவுகள் வெளிவந்தன. மாநில அரசும் பின்னர் இந்த முறையைத் தன் திட்டமாக்கிக்கொண்டது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் அதே கட்டுரையில் பலரும் நிற்காமல் கடந்து போகிற ஓர் எண் இருக்கிறது. ஆய்வில் இடம்பெற்ற 2,420 நோயாளிகளில் ஆண்கள் 2,053 பேர். பெண்கள் 367 பேர்தான். நூற்றுக்கு 15.

இதற்கு ஒரு நியாயமான விளக்கம் உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு தாமதமாகத்தான் வருகிறது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது ஆண்களுக்கு 56, பெண்களுக்கு 65. ரத்தக்குழாய் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும் வகை மாரடைப்பு ஆண்களிடம்தான் அதிகம். தமிழ்நாட்டு ஆய்வு எடுத்துக்கொண்டதும் அந்த வகையைத்தான். இருந்தாலும் அந்த விளக்கம் ஓரளவுக்குத்தான் போகும். இந்தியாவின் 50 நகரங்களில் 20,468 பேரை வைத்து நடந்த ‘கிரியேட்’ ஆய்வு 2008ல் ‘லான்செட்’டில் வந்தது. எல்லா வகை மாரடைப்பையும் சேர்த்துக் கணக்கெடுத்தும் அதில் பெண்கள் கால் பங்குக்குக் குறைவு. வலி தொடங்கியவர்களில் பாதிப் பேர் மருத்துவமனைக்கு வந்து சேர 6 மணி நேரமும் அதற்கு மேலும் ஆனது என்றும் அது சொல்கிறது. மருத்துவமனைப் பதிவேடு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. ‘கேஸா இருக்கும், சோடா குடி’ என்று வீட்டிலேயே படுக்க வைக்கப்பட்டவர்களும், முதுகு பிடித்திருக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களும் அதில் இல்லை. பெண்களுக்கும் மாரடைப்பின் முதன்மை அறிகுறி நெஞ்சுவலிதான். ஆனால் அதோடு சேர்ந்து மூச்சிரைப்பு, குமட்டல், முதுகுவலி, தாடை வலி ஆகியவை ஆண்களைவிட அதிகமாக வருவதால், வலியைப் பற்றி அவர்கள் சொல்லும் கதை வேறு மாதிரி போய்விடுகிறது.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: ஒரு பெண்ணின் இதயம் ஆபத்தை நோக்கிப் போகிறது என்பதற்கான முதல் குறிப்பு பல நேரம் இதய மருத்துவரிடம் இருப்பதில்லை. அது அவளுடைய பிரசவ அட்டையில் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. தொழிற்சாலையின் உடற்தகுதிப் பதிவேட்டில் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லாத அளவுக்குத் தகவல் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவரும் படிக்க வேண்டியவரும் வேறு வேறு துறை என்பதால் அது பயன்படாமல் போகிறது. ஆணுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, புற்றுநோயிலிருந்து மீண்ட ஆணுக்கு நிச்சயமாக உண்டு. ஆனால் பெண்ணின் விஷயத்தில் இழப்பு பெரிது. ஏனென்றால் அவளுடைய உடலைப் பற்றி அரசு எடுத்து வைத்திருக்கும் குறிப்புகள் ஆணுடையதைவிட மிக அதிகம்.

இதைச் சோதித்துப் பார்க்கத் திருவள்ளூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். சென்னையிலிருந்து வடக்கே ஜி.என்.டி. சாலையில் போனால் கவரைப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், ரசாயன ஆலைகள். கொஞ்சம் மேற்கே தேர்வாய் கண்டிகை சிப்காட். தெற்கே வந்தால் அத்திப்பட்டு, எண்ணூர், மணலி. மாவட்டத்தின் உட்புறத்தில் செங்கல் சூளைகள், அவற்றில் ஒடிசாவிலிருந்து குடும்பமாக வந்து கல் அறுப்பவர்கள். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் சென்னையைச் சுற்றிய இந்த வளையத்தில்தான். இங்கே வசிக்கும் ஒரு பெண்ணின் மருத்துவக் காகிதங்கள் எங்கெங்கே இருக்கும் என்று பாருங்கள். கர்ப்ப காலப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில். சிக்கலான பிரசவம் என்றால் பொன்னேரியிலோ, சென்னை ஸ்டான்லியிலோ. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஒரு சீட்டு. மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையிலோ ஒரு தடித்த ஃபைல். 2022 ஜனவரி 12ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி திருவள்ளூரில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்காரர்களோ அங்கே போவதைவிட ரயிலேறிச் சென்னைக்குப் போவதையே சுலபமாக நினைக்கிறார்கள். நெஞ்சுவலி வரும் ராத்திரியில் இவற்றில் எந்தக் காகிதமும் பக்கத்தில் இருக்காது.

முதல் காகிதம் பிரசவ அட்டை. கர்ப்ப கால சர்க்கரை விஷயத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டியது. சென்னை மருத்துவர் வி. சேஷையா, கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் போதும் என்ற முறையை வகுத்தார். தொலைவிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணை வெறும் வயிற்றில் மறுபடி வரச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அது கிராமத்துக்கும் ஒத்துவந்தது. 2007ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. கர்ப்ப காலத்தில் பி.பி. பார்ப்பது அதற்கு முன்பே வழக்கம். ஆக, பிரசவித்த ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் இரண்டு முக்கியமான தகவல்கள் நம் கையில் இருக்கின்றன. இவை இதயத்துக்கு என்ன சொல்கின்றன என்பதும் தெரியாத விஷயமில்லை. 2007ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட தொகுப்பாய்வு சுமார் 35 லட்சம் பெண்களின் தரவை அலசியது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போன பெண்களுக்கு, பிற்காலத்தில் இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 மடங்குக்குச் சற்று மேல். நிரந்தர ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 3.7 மடங்கு. கர்ப்ப கால சர்க்கரை வந்தவர்களுக்கும் பிற்கால இதய நோய் ஆபத்து சுமார் இரு மடங்கு என்று 2019ல் இன்னொரு தொகுப்பாய்வு காட்டியது. பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை சரியாகிப் போனவர்களுக்கும் ஆபத்து முழுதாக விலகிவிடவில்லை என்பது அதன் முக்கியமான முடிவு. ‘இன்டர்ஹார்ட்’ கணக்கில் சர்க்கரை நோய் மாரடைப்பு வாய்ப்பை ஆண்களுக்கு 2.67 மடங்கு கூட்டுகிறது, பெண்களுக்கு 4.26 மடங்கு.

ஆனால் குழந்தை பிறந்ததும் அந்த அட்டையின் உயிர் முடிந்துவிடுகிறது. மகப்பேறு நிதியுதவியின் கடைசித் தவணை வரும்வரை பத்திரமாக இருக்கும். பிறகு குழந்தையின் தடுப்பூசி அட்டை மட்டும்தான் பீரோவில் மிஞ்சும். 30 வயதில் பி.பி. ஏறி மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டுக் காப்பாற்றப்பட்ட பெண், 45 வயதில் மூச்சு வாங்குகிறது என்று வரும்போது அந்தப் பழைய கதையை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வாள். தன் பிரசவத்தை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை. கேட்காமல் விடுவதன் விலை என்ன என்பதற்குச் சென்னை மருத்துவக் கல்லூரியே சான்று தந்திருக்கிறது. 2016 முதல் 2019 வரை அங்கே சிகிச்சை பெற்ற, இதய நோயுள்ள 1,005 கர்ப்பிணிகளை ‘எம்-பேக்’ என்ற பதிவேட்டில் தொடர்ந்து கவனித்து, 2023ல் ‘ஐரோப்பியன் ஹார்ட் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். அவர்களில் 10ல் 6 பேருக்குத் தங்களுக்கு இதய நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தில்தான் முதன்முறையாகத் தெரிந்தது. 1.9 சதவீதம் பேர் இறந்தார்கள். பலருக்குச் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கியிருந்ததை, பள்ளியோ வேலைக்கு எடுத்த இடமோ கல்யாணத்துக்கு முன் பார்த்த மருத்துவரோ பிடிக்கவில்லை. ஒரு கர்ப்பம்தான் வெளியே கொண்டுவந்தது. கர்ப்பம் என்பது பெண்ணின் இதயத்துக்கு இயற்கை வைக்கும் டிரெட்மில் பரிசோதனை. அதன் ரிசல்ட்டை நாம் பிரசவ வார்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இரண்டாவது காகிதம் புற்றுநோய் ஃபைல். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பும் பெண்ணின் சம்மரியில், மருந்துகள் வரிசையில் ‘ஏசி 4 சைக்கிள்’ என்று ஒரு வரி இருக்கலாம். அந்த ‘ஏ’ டாக்ஸோரூபிசினைக் குறிப்பது. சலைன் குழாயில் சிவப்பாக இறங்கும் மருந்து. உடல்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் 4 முறை என்றால் மொத்தம் 240. இதயத் தசை இந்த மருந்தை எவ்வளவு தாங்கும் என்பது 2003ல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவானது: மொத்த அளவு 400 மில்லிகிராமை எட்டும்போது இதயம் செயலிழப்பவர்கள் 5 சதவீதம், 550ல் 26 சதவீதம், 700ல் 48 சதவீதம். 240 என்பது பாதுகாப்பான பக்கம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே பி.பி. இருந்தால், வயது 65க்கு மேல் என்றால், இடது மார்பில் கதிர்வீச்சும் சேர்ந்தால், கணக்கு மாறிவிடுகிறது. சுவீடன், டென்மார்க் நாடுகளின் 2,168 பெண்களை வைத்து 2013ல் வெளியான ஆய்வு, இதயத்தின் மீது சராசரியாக விழும் ஒவ்வொரு ‘கிரே’ கதிர்வீச்சுக்கும் பெரிய இதயநோய் நிகழ்வுகள் 7.4 சதவீதம் கூடுவதாகக் கண்டது. முதல் 5 ஆண்டுக்குள்ளேயே தொடங்கும் அந்த ஆபத்து 20 ஆண்டுகளைத் தாண்டியும் நீடித்தது. இன்றைய கருவிகளும், மூச்சை இழுத்து நிறுத்திக் கதிர்வீச்சு தரும் முறையும் அந்த அளவை நிறையக் குறைத்திருக்கின்றன. ஆனால் 15 ஆண்டுக்கு முன் சிகிச்சை முடித்தவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்குக் கிடைத்தது அன்றைய கருவிதான்.

டிராஸ்டுசுமாப் கதை இன்னும் பாடம் தருவது. ‘ஹெர்2’ வகை மார்பகப் புற்றுநோயின் போக்கையே மாற்றிய மருந்து அது. 2001ல் வெளியான முதல் பெரிய ஆய்வில், அதை டாக்ஸோரூபிசின் வகை மருந்துகளோடு ஒரே நேரத்தில் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயப் பழுது வந்தது. மருந்தைக் கைவிடவில்லை. இரண்டையும் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தார்கள், இடையிடையே எக்கோ எடுத்தார்கள். பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. 2014ல் இந்திய நிறுவனம் இதே மருந்தின் உள்நாட்டு வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, முன்பு இதை நினைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கும் மெல்ல மெல்ல எட்டத் தொடங்கியது. மருந்து எட்டிய வேகத்தில் அதற்கான எக்கோ எட்டியதா என்பதுதான் என் கவலை. 3 வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு போட வேண்டிய ஊசி. 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்கச் சொல்கிறது நடைமுறை. ஆரம்பாக்கத்திலிருந்து ஊசிக்காகச் சென்னைக்கு வந்து போகும் பெண், எக்கோவுக்குத் தனியாக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியிருந்தால் எதைத் தள்ளிப்போடுவாள் என்பதில் சந்தேகமில்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வளாகத்தில் வைப்பதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

ஆண்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்றேன். இரைப்பை, குடல் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் ஃப்ளூரோயுராசில் ஊசியும், அதே குடும்பத்தைச் சேர்ந்த கேபெசிடபின் மாத்திரையும் சிலருக்கு இதய ரத்தக்குழாயைச் சுருக்கிப் பிடித்துவிடும். கேபெசிடபின் வீட்டில் வைத்துச் சாப்பிடும் மாத்திரை. அதைச் சாப்பிட்ட இரண்டாம் மூன்றாம் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடித்தால், வயிற்றுப் புற்றுநோய்க்காரர் ஆயிற்றே, கேஸ்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். அருகிலுள்ள மருத்துவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தச் சொல்வது. அவர் அதைச் செய்ய வேண்டுமானால் நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் எழுதினால் நோயாளிகள் பயந்து கீமோவையே விட்டுவிட மாட்டார்களா என்று புற்றுநோய் மருத்துவர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் கீமோவைப் பற்றிய பயம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. பாதியில் நின்றுபோகும் சிகிச்சைதான் இதயப் பழுதைவிட அதிகம் பேரைக் கொல்லும். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: புற்றுநோய் மருந்தை இதயத்துக்காக யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. இதயத்தைக் கவனிப்பதே சிகிச்சையை முழுதாக முடிப்பதற்குத்தான். இத்தாலியின் மிலான் நகரில் 2,625 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், 9 சதவீதம் பேருக்கு இதயப் பாதிப்பு தெரிந்தது. அநேகமாக எல்லாமே முதல் ஓராண்டுக்குள். உடனே இதய மருந்து தொடங்கியதால் அவர்களில் 82 சதவீதம் பேர் ஓரளவோ முழுமையாகவோ மீண்டார்கள். முன்கூட்டியே தடுக்கலாமா என்ற கேள்விக்கு இன்னும் நேர்ப்பதில் இல்லை. அட்டோர்வாஸ்டாடின் கொடுத்தால் நிணநீர்ப் புற்றுநோயாளிகளின் இதயம் பாதுகாக்கப்படுவதாக 2023ல் ஓர் ஆய்வு சொன்னது. பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளிகள் இருந்த இன்னோர் ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் மாத்திரை எழுதிவிட்டு ஒதுங்க முடியாது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்தறிவதுதான் இன்றைய நிலையில் கைவசம் உள்ள சிறந்த வழி. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2022ல் முதன்முறையாகப் புற்றுநோயாளிகளின் இதயத்துக்கென்றே வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே அடிப்படையாகக் கொள்கிறது. அப்படிப் பிரிப்பதற்குப் பெரும்பாலும் தேவைப்படுவது வயது, பி.பி., சர்க்கரை, பழைய இதய நோய், முன்பு வாங்கிய மருந்தின் அளவு. விலையுயர்ந்த கருவி வருவது அதற்கு அடுத்த படியில்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. நிறையக் கண்டுபிடிப்பதால் மட்டும் நோயாளிக்கு நன்மை வந்துவிடுமா? ஸ்காட்லாந்தில் 48,282 பேரை வைத்து நடந்த ஆய்வு இதற்கு நேரடியான சோதனை. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையில் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16 என்று தனித்தனி எல்லை வைத்தார்கள். பெண்களின் இதயம் சிறிது, அதில் பாதிப்பு வந்தாலும் ரத்தத்தில் கசிவது குறைவு என்பதால் இந்த வேறுபாடு. முன்பு தப்பிப்போன பாதிப்புகள் பிடிபட்டு, பெண்களில் எண்ணிக்கை 42 சதவீதம் கூடியது; ஆண்களில் 6 சதவீதம்தான். ஆனால் அப்படிப் பிடிபட்ட பெண்களுக்கு ஆஞ்சியோவும் மருந்துகளும் ஆண்களைவிடக் குறைவாகவே தரப்பட்டன, அவர்களின் பிற்காலமும் மேம்படவில்லை. எண் சரியாகக் காட்டியும் மருத்துவரின் கை அதே பழைய பழக்கத்தில் போயிருக்கிறது. இந்த முடிவு என் வாதத்துக்கு எதிரானது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது வாதத்தின் இரண்டாம் பாதியாகப் படுகிறது. குறிப்பு இருந்தால் போதாது. அதைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும், செய்தார்களா என்று யாராவது கணக்குப் பார்க்கவும் வேண்டும்.

மூன்றாவது காகிதம்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான பொருட்களோடு வேலை செய்யும் தொழிலாளரை வேலைக்கு அமர்த்தும் முன்பும், பிறகு 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், அந்தப் பதிவேட்டைத் தொழிலாளர் பார்க்க வழி இருக்க வேண்டும் என்றது அது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு இலவசப் பரிசோதனை என்கிறது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் கான்ட்ராக்டில் வேலை செய்பவருக்கு ‘ஃபிட்’ என்று எழுதிய சீட்டுதான் கேட்டைத் திறக்கும் சாவி. பி.பி. இருப்பது தெரிந்தால் உருக்காலையின் சூட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். வேறு வேலை தருவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது கான்ட்ராக்டரின் கையில். அதனால் பரிசோதனைக்கு முந்தைய இரவு மட்டும் மாத்திரை போட்டுக்கொள்வதும், புற்றுநோய் வந்ததை வாயே திறக்காமல் மறைப்பதும் நடக்கத்தான் செய்யும். காகிதங்களை இணையுங்கள் என்று சொல்லும் எவரும் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. என் பதில்: இணைய வேண்டியது சுகாதாரத் துறைக்குள். தொழிற்சாலை தன் பரிசோதனையின் முழு விவரத்தைத் தொழிலாளர் கையில் கொடுக்கட்டும். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவது அவர் விருப்பம். அங்கிருந்து ஒரு வரிகூட நிர்வாகத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது.

பெண்கள் விஷயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் ஒரு படி கூடுதலாக வேண்டும். ராத்திரி ஷிப்டில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றிருந்த சட்டப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. ஒரு பெண் தொழிலாளி வழக்குப் போட்டு வாங்கிய உரிமை அது. ஷிப்ட் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 23 சதவீதம் கூடுதல் என்று 34 ஆய்வுகளைத் தொகுத்து 2012ல் எழுதினார்கள். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இப்படிப்பட்ட முடிவுகளைக் காட்டிப் பெண்களை மட்டும் வேலையிலிருந்து விலக்கினால், அவர்கள் காப்பீடும் பரிசோதனையும் இல்லாத செங்கல் சூளைக்கும் வீட்டு வேலைக்கும்தான் போவார்கள். ஆபத்தை அளப்பது ஷிப்டைச் சரிசெய்யவும், குடிநீரும் ஓய்வும் தரவும், காற்றைச் சுத்தமாக்கவும் பயன்பட வேண்டும். காற்றின் பங்கு சிறிதல்ல. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலி 76.32 புள்ளிகளோடு அதில் இருந்தது. நுண்துகள் மாசு இதய நோயைக் கூட்டுகிறது என்பதில் மருத்துவ உலகில் இன்று கருத்து வேறுபாடு இல்லை.

இத்தனையும் செய்ய அரசிடம் ஆள் எங்கே என்று கேட்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். 2020ல் எடுத்த மாநிலக் கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது என்ற அதிர்ச்சியோடு சேர்த்துப் பார்த்தால் இந்தத் திட்டத்தின் அருமை புரியும். 2024ல் இது தொழிற்சாலைகளுக்கும் விரிந்தது. 2023 ஜூனில் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் துணை சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகளை நெஞ்சுவலிக்காரருக்கு உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உயிர் காக்கும் ஏற்பாடு இது. இங்கேயும் ஒரு கேள்வி வேண்டும். கீமோ நடந்துகொண்டிருப்பவருக்கு ரத்தத் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை ஒன்றாகக் கொடுத்தால் ரத்தக்கசிவு வரலாம். மாத்திரையை நீட்டுவதற்கு முன் ‘கேன்சருக்கு மருந்து எடுக்கிறீங்களாம்மா?’ என்று கேட்க 5 விநாடி போதும். ஆம் என்றால் முதலில் போனில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெட்டியின் மேலேயே ஒட்டி வைக்கலாம்.

மருத்துவப் பதிவுகளைக் கணினியில் இணைக்கும் தேசிய அடையாள எண்ணான ஆபா எண் எல்லோருக்கும் வந்துவிட்டால் காகிதங்கள் தாமாகவே இணைந்துவிடும் என்ற நம்பிக்கை அதிகாரிகளிடம் இருக்கிறது. இணைப்பு வரட்டும், நல்லதுதான். ஆனால் 20 ஆண்டுக்கு முந்தைய பிரசவமும், கையால் எழுதிய கீமோ சீட்டும் எந்தக் கணினியிலும் இல்லை. இப்போது 45, 50 வயதில் இருக்கும் பெண்களுக்கு வாய்விட்டுக் கேட்பதுதான் ஒரே வழி. ஆராய்ச்சிக்கும் அதுவே தொடக்கப் புள்ளி. எம்-பேக் பதிவேட்டைக் கூட்டம் நெரியும் ஓர் அரசு மருத்துவமனைதான் நடத்தியது. திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியும் ஸ்டான்லியும் சேர்ந்தால், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று வரும் ஒவ்வொருவரிடமும் பிரசவ கால பி.பி., சர்க்கரை, புற்றுநோய் சிகிச்சை, வேலை செய்த இடம், ஷிப்ட் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்பது சாத்தியம்தான். இந்தியில் சொல்பவரிடமும் ஒடியாவில் சொல்பவரிடமும் கேட்க ஆள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூளைப் பெண்கள் இந்தக் கணக்கிலும் விட்டுப்போவார்கள். நாம் இங்கே எடுத்துக்காட்டும் எண்களில் பல மிலானிலும் ஸ்காட்லாந்திலும் சுவீடனிலும் எடுக்கப்பட்டவை. உலைச் சூட்டில் நின்று, மணலிக் காற்றைச் சுவாசித்து, 40 வயதுக்குள் சர்க்கரை வந்துவிடும் உடலுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கே அளந்தால்தான் தெரியும்.

அதற்குக் காத்திராமல் அடுத்த வாரமே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு 9 மாதம் ஆனதும் தட்டம்மைத் தடுப்பூசிக்கு அம்மா சுகாதார நிலையத்துக்கு வந்தே தீருவாள். கர்ப்பத்தில் பி.பி.யோ சர்க்கரையோ ஏறியிருந்த அம்மாக்களின் பெயர் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. குழந்தைக்கு ஊசி போடும் அன்றே அவளுக்கும் பி.பி. பார்த்து, சர்க்கரைக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கூடுதலாக இருந்தால் மக்களைத் தேடி மருத்துவப் பட்டியலில் சேர்த்துவிடலாம். 16 மாதத்தில் அடுத்த தவணைக்கு வரும்போது இன்னொரு முறை பார்க்கலாம். பி.பி. கருவியும் குளுக்கோமீட்டரும் அங்கேயே இருக்கின்றன. வேண்டியது துறை இயக்குநரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை, பதிவேட்டில் அம்மாவுக்கென்று கூடுதலாக இரண்டு கட்டங்கள்.